பரட்டையின் உலை

ஃபிரிஸ்கோவிலிருந்து டென்டன் வழியாக 35ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் மூன்று மணி நேரத்துக்குள் ஓக்லஹோமாவின் நார்மன் நகரம் வந்துவிடும். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இசையியல் கற்பிக்கும் ஸோயி ஷெரினியன் 2014இல் ஒரு நூல் வெளியிட்டார். 'தமிழ் ஃபோக் மியூசிக் ஆஸ் தலித் லிபரேஷன் தியாலஜி' என்பது பெயர். இந்தியானா பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்டது. மதுரை அரசரடியில் பாடம் நடத்திக்கொண்டு பாட்டுக் கட்டிய ஒரு போதகரைப் பற்றிய நூல் இது. இவ்வளவு பக்கத்தில் எழுதப்பட்டும் டெக்சாஸ் தமிழர் பேச்சில் இந்த நூல் அடிபடுவதில்லை. நம் ஊர்களில் பறை கேட்கிறது, தமிழ்ச் சபைகளும் கூடுகின்றன. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வாழ்நாளைச் செலவிட்ட மனிதரின் பெயர்தான் யாருக்கும் தெரிவதில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டான் சுவாமியின் பெயர் 2021க்குப் பிறகு உலகம் முழுக்கத் தெரியும். சிறைக் காவலில் மரணம் அதைச் செய்தது. பாட்டு அவ்வளவு வேகமாகப் பயணம் போவதில்லை.

அந்த மனிதர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்து 2005இல் மறைந்தவர். மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் அவர் 'பரட்டை', இல்லாவிட்டால் 'பரட்டை அண்ணன்'. தமிழ்த் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற ஒருவரை 'ஐயர்' என்றும் 'ஐயா' என்றும் அழைத்துப் பழகிய நாக்குக்கு இது சாதாரண மாற்றம் இல்லை. எண்ணெய் வைத்துப் படிய வாராத தலைக்கு நம் ஊரில் சொல்லும் ஏளனச் சொல் ஒன்றைப் பெயராக்கிக்கொண்டு, அதோடு 'ரெவரெண்ட்'டுக்குப் பதில் 'அண்ணன்' என்ற உறவைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய இறையியலில் பாதி இந்தப் பெயரிலேயே இருக்கிறது என்பேன்.

அவர் கற்பித்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் தொடங்கியது. அங்கே மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியை வளாகத்துக்கு வெளியே, குடிசைப் பகுதிகளில் குடியிருந்து கழிக்கும் ஏற்பாடு இருந்தது. இருபதுகளில் இருக்கும் பையன்களும் பெண்களும். பலர் தங்கள் ஊர்ச் சபையில் வாலிபர் சங்கத்தை நடத்திவிட்டு வந்தவர்கள். நம் சபைகளில் வாலிபர் சங்கம் என்றால் கிறிஸ்துமஸ் பவனி, விளையாட்டுப் போட்டி, அசன விருந்துக்குப் பந்தி பரிமாறுதல். அந்தப் பிள்ளைகளிடம் பரட்டை பறையைக் கொடுத்து, இதை ஆலயத்துக்குள் அடித்துக்கொண்டே ஜெபம் செய்யுங்கள் என்றார். ஷெரினியனின் நூல் அடிப்படையில் இந்த ஒரு செயலின் விளைவுகளைத் தொடர்ந்து போகிறது.

ஆலயத்துக்குள் பறை என்பது ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்று தெரிய இன்னும் பின்னே போக வேண்டும். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகள் இன்றும் பாடும் கீர்த்தனைகளுக்கு மூத்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). கர்நாடக ராக தாளத்தில் கிறிஸ்தவப் பாட்டு என்ற வடிவத்துக்கு அவர் கொடுத்த உயரம் பெரிது. தமிழ் இலக்கிய வரலாறு அவருக்குத் தரும் இடம் போதாது என்பதே என் எண்ணம். ஆனால் 1820களின் இறுதியில் புதிதாக வந்த மிஷனரிமார், சாதி பார்க்காமல் எல்லாரும் கலந்து உட்காரவும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கவும் வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது, அதை எதிர்த்து எழுதியவரும் அவரே. அந்தச் சண்டையில் பாட்டும் இருந்தது, பாத்திரமும் இருந்தது. யார் பாட்டைப் பாடுவது, யாரோடு குடிப்பது என்ற இரண்டு கேள்விகளும் அன்றே பின்னிக்கொண்டுவிட்டன. மிஷனரிகளின் பக்கமும் முழு நியாயம் இல்லை. சாதியோடு சேர்த்துத் தமிழ்ப் பாட்டையும் பண்டிகையையும் அகற்றிவிட்டு ஐரோப்பிய ஞானப்பாட்டை வைக்கப் பார்த்தார்கள். ஆகவே தமிழ்க் கிறிஸ்தவனுக்கு நூற்றைம்பது ஆண்டுகளாக இரண்டே வழிதான் இருந்தது: ஒன்று கர்நாடகக் கீர்த்தனை, இல்லையென்றால் ஆர்மோனியத்தில் ஆங்கில மெட்டு. சபையில் பெரும்பான்மையாக இருந்த தலித் மக்களின் மெட்டு இரண்டிலும் இல்லை. இந்த இடைவெளியைத்தான் பரட்டை கண்டார்.

அவர் அமைத்த கிராமிய இசை வழிபாடு 1990களில் ஒலிநாடாவாகவும் சுற்றியது. ஆராதனை முறைமையின் ஒவ்வொரு பகுதியையும், அறிக்கை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், எல்லாவற்றையும் நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் மாற்றி எழுதியிருக்கிறார். கீர்த்தனைப் புத்தகத்தின் கடைசியில் நாலு தெம்மாங்குப் பாட்டைச் சேர்ப்பது வேறு. வழிபாட்டின் எலும்புக்கூட்டையே மாற்றுவது வேறு. முதலாவதை எந்தப் பேராயரும் புன்னகையோடு அனுமதிப்பார்.

இதில் ஒரு சொல்லை மட்டும் எடுத்து நிதானமாகப் பார்க்கலாம். கடவுளைப் பரட்டை 'பெத்தவரே' என்று கூப்பிடுகிறார். தமிழ் வேதாகமத்தில் இருப்பது 'பிதா', 'கர்த்தர்', 'ஆண்டவர்'. ஷெரினியன் இதைப் பெண்ணியக் கோணத்தில் விளக்குகிறார்: 'பெற்றவர்' என்றால் தாயும் ஆகலாம், தகப்பனும் ஆகலாம். சரியான விளக்கம்தான். தமிழில் '-அவர்' என்ற மரியாதை விகுதிக்குப் பால் கிடையாது என்ற இலக்கண வசதியைப் பரட்டை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார். ஆனால் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு எளிதில் தட்டுப்படாத இன்னொன்றும் இங்கே இருக்கிறது. 'ஆண்டவர்' என்ற சொல்லும் 'ஆண்டை' என்ற சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. வயலில் நின்று பண்ணையாரை 'ஆண்டே' என்று கூப்பிட்டவன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து கடவுளையும் ஏறக்குறைய அதே சொல்லால்தான் கூப்பிட்டான். வாரத்தில் ஏழு நாளும் ஒரே உறவு. 'பெத்தவரே' அந்த உறவை அறுக்கிறது. ஆள்கிறவர் என்பது போய்ப் பெற்றவர் என்று ஆனபின், கும்பிடுகிறவன் குடியானவன் இல்லை, பிள்ளை. பிள்ளைக்குப் பங்கு கேட்கும் உரிமை உண்டு. 'பெற்றவரே' என்று திருத்தமாக எழுதியிருந்தால் இந்தச் சூடு இருந்திருக்காது. 'ற்ற' போய் 'த்த' ஆன இடத்தில்தான் கடவுள் சேரிக்குள் வருகிறார்.

அடுத்த சொல் 'உலை'. 'ஒரு ஒலை' என்பது அவர் வாய்மொழி. கர்த்தருடைய ஜெபத்தில் அன்றாட ஆகாரத்துக்காக வேண்டும் இடத்தில் பரட்டை, எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்ணும் சோற்றைக் கொண்டுவருகிறார். ஆகாரம் கேட்பதைவிட இது பெரிய வேண்டுதல். அரிசி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி வரும், உலை ஒன்று கொதிக்கும், எந்தப் பருக்கை எந்த வீட்டுடையது என்று அதற்கப்புறம் யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. சாதிக்கு இதைவிடப் பெரிய அச்சம் கிடையாது. நற்கருணை என்பதும் ஆதியில் ஒரு சாப்பாடுதான். அதை அப்பத் துணுக்காகவும் தனிக் கிண்ணமாகவும் சுருக்கியபிறகு, ஒரே பந்தி என்ற அதன் அதட்டல் காணாமல் போய்விட்டது என்பது பரட்டையின் வாதம்.

இது வெறும் கவித்துவமா? வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்க ஆலயத்தில் இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண இரண்டு தனிக் கூடங்கள் இருந்தன; நடுவிலிருந்த தடுப்பை 1910இல் இடித்தபோது விஷயம் நீதிமன்றம் வரை போனது. அது பழங்கதை என்பவர்களுக்கு, அப்போதைய விழுப்புரம் மாவட்ட ஏறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டபோது 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்ததை நினைவுபடுத்தலாம். யாழ்ப்பாணத்து வாசகருக்கும் இது அந்நியம் இல்லை. வட்டுக்கோட்டை அமெரிக்க மிஷன் கல்லூரியான யாழ்ப்பாணக் கல்லூரியின் சூழலில் ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ், சம ஆசனத்தையும் சமபோசனத்தையும் ஒன்றாகத்தான் கேட்டது. பள்ளியில் ஒரே வாங்கு, பந்தியில் ஒரே வரிசை. அந்த இளைஞர்களில் கிறிஸ்தவர்களும் சைவர்களும் கலந்திருந்தார்கள். வேதாகமத்தைவிடக் காந்தி அவர்களை அதிகம் இழுத்தார். ஆனாலும் அவர்கள் கை வைத்த இடம் பரட்டை கை வைத்த அதே இடம்: இருக்கையும் இலையும்.

இனி ஷெரினியனின் மையக் கருத்துக்கு வரலாம். நாட்டுப்புற இசை தன் இயல்பிலேயே விடுதலைக்கு உதவும் ஊடகம் என்கிறார் அவர். காரணம், அதைக் கேட்பவன் மாற்றலாம். கர்நாடகக் கிருதியின் ஸ்வரத்தை மாற்றினால் அது பிழை. ஆங்கில ஞானப்பாட்டு அச்சிட்ட தாளில் கட்டுண்டு கிடக்கிறது. கும்மிப் பாட்டைப் பாடுகிறவள் ஒரு வரியைப் பிடுங்கித் தன் வரியைச் செருகலாம், யாரும் அவளைத் திருத்த மாட்டார்கள். அரசரடியில் பிறந்த பாட்டுகள் மாணவர்கள் வழியாகக் கிராமங்களுக்குப் போனபோது எங்கே ஏற்றார்கள், எங்கே மாற்றினார்கள், எங்கே மறுத்தார்கள் என்று ஊர் ஊராகப் பார்த்திருக்கும் பகுதிகள் நூலின் மிகச் சிறந்தவை. படைப்பாளியோடு படைப்பு முடிந்துவிடுவதாக நினைக்கும் நம் விமர்சன மரபு இவற்றிலிருந்து கற்கலாம்.

அமெரிக்க வாசகருக்கு இது புதிதாகப் படாது. 'வீ ஷால் ஓவர்கம்' சபைப் பாட்டாக இருந்து, 1945-46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரப் புகையிலைத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள் வாயில் புகுந்தபோது 'நான்' போய் 'நாம்' ஆயிற்று. ஒரே ஒரு பிரதிப்பெயர் மாற்றம். ஆன்மீக மீட்புப் பாடல் ஊதிய உயர்வுப் பாடலாயிற்று. பின்னர் ஒரு தலைமுறை மாணவர்களின் பாடலாயிற்று. அந்த மாணவர்களுக்கு அறப்போர் கற்பித்த ஜேம்ஸ் லாசன் 1953 முதல் மூன்று ஆண்டுகள் நாகபுரியில் இருந்தவர் என்பது, இந்த இரு உலகங்களும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல என்பதற்குப் போதும்.

ஆனால் ஷெரினியனோடு நான் முழுதும் உடன்படவில்லை. மாற்றக்கூடியது என்பதாலேயே ஒரு வடிவம் விடுதலைக்கு உரியதாகிவிடாது. மாற்றக்கூடியதை எவரும் மாற்றலாம், ஆண்டையும் மாற்றலாம். நாட்டுப்புறப் பாட்டில் மருமகளைப் பழிக்கும் பாட்டு உண்டு, கீழ்ச்சாதியைக் கேலி செய்யும் பாட்டு உண்டு, பண்ணையாரைப் புகழ்ந்து நெல் வாங்கும் பாட்டு நிறையவே உண்டு. தமிழ் சினிமா அந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளாகச் சாதிப் பெருமையைப் பாடிக்கொண்டிருக்கிறது. பரட்டை 1986இல் எழுதிய 'ஃபோக்லோர் ஃபார் சேஞ்ச்' என்ற சிறு நூலின் தலைப்பிலேயே, நாட்டார் வழக்காற்றை அப்படியே வைத்துக் கும்பிடாமல் மாற்றத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை கேட்கிறது. குருவிடம் நெருங்கிப் பழகிய மாணவியின் மரியாதை ஷெரினியனைச் சில இடங்களில் மென்மையாக்கிவிடுகிறது. பாட்டு எடுபடாத இடங்களில் கேட்டவர்களின் வர்க்கத்தையும் சாதியையும் காரணமாகச் சொல்கிறார். பாட்டு பிரசங்கமாகிவிட்டதும் காரணமாக இருக்கலாமே என்ற கேள்விக்கு அவர் அதிகம் நிற்பதில்லை. இயக்கப் பாட்டு எழுதிய எல்லாருக்கும் வரும் நோய் இது. மெட்டு மக்களுடையதாக இருக்கும், வாசகம் கருத்தரங்கிலிருந்து வந்திருக்கும். 'பெத்தவரே'யிலும் 'ஒலை'யிலும் பரட்டை அந்த நோய்க்குத் தப்பிவிட்டார். எல்லாப் பாட்டிலும் தப்பினார் என்று சொல்ல மாட்டேன்.

பறையை மறுத்தவர்கள் விஷயம் இன்னும் சிக்கலானது. மேல்சாதிக் கிறிஸ்தவர் மறுத்ததில் ஆச்சரியம் இல்லை. படித்து, ஆசிரியராகவும் எழுத்தராகவும் ஆகிவிட்ட தலித் கிறிஸ்தவர் மறுத்ததை எப்படிப் புரிந்துகொள்வது? ஊரில் சாவு விழுந்தால் பறை அடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுபடத்தான் அவருடைய தாத்தா வேதத்தில் சேர்ந்தார். பறையடிக்க மாட்டோம் என்று அறிவித்து அடிபட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அப்படி இறக்கிவைத்த சுமையை ஒரு போதகர் எடுத்துவந்து, இதுதான் உன் அடையாளம், பெருமையாக அடி என்றால், முதலில் வரும் உணர்ச்சி பெருமையாக இருக்காது. 1990களின் தலித் இயக்கங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது: பறையை உடைத்தெறி என்பது ஒன்று, மீட்டெடு என்பது மற்றொன்று. பரட்டை இரண்டாவது கட்சி. ஷெரினியனும் அதே கட்சி. அவருடைய 2011 ஆவணப்படத்தின் பெயரிலேயே அது தெரியும், 'திஸ் இஸ் எ மியூசிக்'. முதல் கட்சியின் நியாயத்தை இந்த நூலைவிட அழுத்தமாக நாம் வேறு இடத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தமிழ்ப் புனைவும் தன்வரலாறும் உதவுகின்றன.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. மதுரையில், பரட்டை பாட்டுக் கட்டிக்கொண்டிருந்த அதே மதுரையில், யேசு சபையினர் நடத்திய ஆய்வு மையம் ஒன்று வெளியிட்டது. பாமா ஏழை தலித் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் கன்னியர் மடத்தில் சேர்கிறார். அனுப்பப்படுவது வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு. ஏழு ஆண்டு கழித்து வெளியே வருகிறார்; வெளியே வந்தவளுக்கு வேலையும் இல்லை, ஊரில் பழைய இடமும் இல்லை. இளம் வயதில் விசுவாசத்தையும் சமூக நீதியையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு கிளம்பும் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் நடந்ததைச் சொல்லும் முதன்மையான ஆவணம் இதுதான் என்று நினைக்கிறேன். பனங்கருக்கின் இருபுறக் கூர்மையை வேதாகமத்தின் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தோடு அவர் முன்னுரையில் இணைக்கிறார். அதாவது நிறுவனத்தை விட்டு வந்தவர் படிமத்தை விட்டுவிட்டு வரவில்லை. கடவுள் ஒடுக்கப்பட்டவர் பக்கம் என்று புத்தகத்தில் இருப்பதையும், அடங்கிப் போ என்று மடத்தில் போதிப்பதையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, பரட்டையின் அறிக்கைப் பாட்டுகள் செய்ய முயன்றதை உரைநடை செய்துவிடுகிறது. முழுக்கப் பேச்சுத் தமிழ்தான் இங்கேயும். ஆனால் பரட்டையின் பேச்சுத் தமிழ் பத்துப் பேர் சேர்ந்து பாட எழுதியது; பாமாவுடையது தனியாக உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பவளின் பேச்சு. கூட்டு வழிபாட்டில் சந்தேகத்துக்கு இடம் வைப்பது கடினம். 'கருக்கு' அதை வைத்தது.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் 2002இல் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. 2024இல் மறைந்த அவரைத் தமிழ் இலக்கிய வரலாற்றாய்வாளராகவே பலர் அறிவார்கள். எனக்கு இந்த நாவல்தான் அவருடைய உச்சம். சிலுவைராஜ் கோயிலிலும் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் வளர்ந்து, நிறையப் படித்து, வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் இந்துவாக மாறுகிறான். தரிசனம் எதுவும் இல்லை, சான்றிதழ் வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டும் இருந்த பட்டியல் சாதி உரிமை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. ஊரார் அவனைப் பறையனாகவே நடத்துவார்கள், அரசாங்கம் மட்டும் நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை என்று சொல்லும். ஒருவேளை இந்தியாவில் சாதி ஒழிந்துவிட்டதாக நம்பும் ஒரே அலுவலகம் அதுதான். ராஜ் கௌதமன் இதை அழுது சொல்வதில்லை, சிரித்துக்கொண்டே சொல்கிறார், அதுவும் தன்னைப் பார்த்து. பரட்டையும் பகடிக்காரர்தான். ஆனால் அவருடைய பகடி பிரசங்க மேடைக்காரனை நோக்கியது. சிலுவைராஜின் சிரிப்பில் பாடகர் குழுவும் தப்பாது.

ஒருவர் சபைக்குள் நின்று அதன் பாட்டை மாற்றினார். ஒருவர் மடத்தை விட்டு வந்து நம்பிக்கையை வைத்துக்கொண்டார். ஒருவர் படைத்த பாத்திரம் காகிதத்தில் மதத்தையே விட்டது. மூன்றும் பத்தாண்டு இடைவெளிக்குள், தென்தமிழ்நாட்டின் மதுரை, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவை. ஷெரினியனின் நூலைத் தனியாகப் படித்தால் பரட்டை ஒரு வெற்றிக் கதை போலத் தெரிவார். மற்ற இரண்டோடும் சேர்த்துப் படித்தால்தான் அவர் எடுத்த முடிவு எவ்வளவு கடினமானது என்று தெரியும். வெளியேறுவதற்கான காரணங்கள் அவருக்கும் இதே அளவு இருந்தன.

இப்போது நம் ஊர். டாலஸ் சுற்றுவட்டாரத் தமிழ்ச் சபைகளின் இளைஞர்களும், சபை சாராத தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும், பிளேனோவில் உள்ள நார்த் டெக்சாஸ் ஃபுட் பேங்க் கிடங்குக்குப் போய் டப்பாக்களை அடுக்குகிறார்கள். நல்ல காரியம்; கல்லூரி விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ளவும் ஆகும் என்பதால் அதன் நன்மை குறைந்துவிடாது. ஆனால் பரட்டையின் உலையை அளவுகோலாக வைத்தால் ஒரு வித்தியாசம் உறுத்தும். டப்பாவை அடுக்குகிறவன் அதைச் சாப்பிடுகிறவனைப் பார்ப்பதில்லை. கொடுத்தலில் மேல் கை, கீழ் கை உண்டு. உலையில் அது கிடையாது. நம் பாட்லக் விருந்தும் உலை ஆகாது. ஒவ்வொருவரும் அவரவர் சட்டியைத் தனித்தனியே கொண்டுவந்து, மூடிமேல் பெயர் எழுதி, சைவ மேசையைச் சற்று தள்ளிப் போட்டு, எது யார் வீட்டுச் சமையல் என்று விசாரித்துவிட்டுக் கரண்டி எடுக்கிறோம். யாரும் எதுவும் தப்பாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வராதபடி மேசை அமைந்திருக்கிறது.

பறைக்கு நேர்ந்ததும் இதைப் போன்றதே. நியூ ஜெர்சியிலும் வளைகுடாப் பகுதியிலும் டெக்சாஸிலும் நம் பிள்ளைகள் பறை கற்கிறார்கள். தமிழ் விழா மேடைகளில் அது 'ஆதித் தமிழர் இசை' என்று அறிமுகமாகிறது. பொய் இல்லை. ஆனால் 'ஆதி' என்ற இரண்டெழுத்துக்குள் நேற்றைய சேரியைச் சத்தமில்லாமல் புதைத்துவிடலாம். எல்லாத் தமிழருக்கும் பொதுவான கருவி என்று ஆன நிமிடத்தில், அதை அடித்ததற்காக ஒதுக்கப்பட்டவர்களின் கதையைக் கேட்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. கலிஃபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடுக்க வந்த எஸ்.பி. 403 மசோதா இரண்டு அவைகளையும் தாண்டி, 2023 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசமின் மேசையில் மறுப்பாணை பெற்றது. மேடையில் பறை ஒலிக்க, சாதி என்ற சொல்லை மட்டும் ஒலிக்கவிடாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்பதை நம் சங்கங்கள் நன்றாகவே கற்றிருக்கின்றன. பரட்டை பறையை ஆலயத்துக்குள் கொண்டுவந்தபோது அதன் கதையையும் கூடவே கொண்டுவந்தார். அதனால்தான் அவருக்கு எதிர்ப்பு இருந்தது. நமக்கு இல்லாததற்கும் அதுவே காரணம்.

ஷெரினியன் பிறகு எடுத்த 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படத்தையும் இங்கே சேர்த்துப் பேச வேண்டும். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திராவும் அருட்சகோதரி பெல்சியும் நடத்தும் சக்தி கலைக்குழுவைப் பற்றியது. கன்னியர் இருவர், படிப்பை நிறுத்த வேண்டி வந்த தலித் இளம்பெண்களைச் சேர்த்து, தையல் போன்ற கைத்தொழிலோடு பறையாட்டமும் பயிற்றுகிறார்கள். பறை ஆண்களுடைய கருவி. சாவுக்கு அடிக்கும் ஆண்களுடைய கருவி. அதைப் பெண் தோளில் மாட்டும்போது, நான் மேலே சொன்ன 'உடை அல்லது மீட்டெடு' என்ற விவாதம் சற்றே இடம் மாறுகிறது. இந்தப் பெண்களின் பாட்டிமாரை யாரும் பறை அடிக்கக் கட்டாயப்படுத்தியதில்லை. அவர்கள் மேல் விழுந்தது வேறு சுமைகள். ஆகவே மீட்டெடுப்பது என்ற சொல்லே இவர்களுக்குப் பொருந்தாது. புதிதாக எடுத்துக்கொள்கிறார்கள். அரசரடியில் பாட்டாகத் தொடங்கியது இங்கே உடம்புக்கு வந்துவிட்டது: கால் அகட்டி நிற்பது, குனிந்து நிமிர்வது, கூட்டத்தின் கண்ணைப் பார்ப்பது. ஜெப வாசகம் எதுவும் இல்லாமலேயே.

பாமா 1992இல் விட்டு வந்ததும் ஒரு மடம்தான். அதே தமிழ்நாட்டில் இன்னொரு மடத்துக்காரிகள் பறையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். திருச்சபை மாறிவிட்டது என்று இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். இரண்டு கன்னியர் செய்வதைத் திருச்சபையின் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை. படத்தில் அந்தப் பெண்கள் ஆட்டம் முடிந்து பறையை இறக்கி வைத்துவிட்டுப் பேசும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். நூலில் பரட்டையின் குரல் எப்போதும் ஆசிரியரின் குரல். இங்கே பேசுகிறவர்கள் மாணவிகள்.